கத்தி படாத இலந்தை

நர்சரிக்காரர் சின்னக் கத்தியால் பழத்தை நான்காகக் கீறி, ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். பச்சைப் பழம். இலந்தை என்று சொன்னால் நம்ப முடியாத பருமன். "மொதல்ல சாப்ட்டுப் பாரும்மா, அப்பால பேசு" என்றார்.

கடித்தேன். மொறுமொறுவென்று இருந்தது. வாயெல்லாம் தண்ணீர். இனிப்பு மட்டும் பட்டும் படாமலும் இருந்தது.

"இன்னாங்க இது, வெள்ளரிப் பிஞ்சுல சக்கரத் தண்ணி தெளிச்ச மாரி கீது" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை என்னை முறைத்தார். வாங்கப் போன இடத்தில் குற்றம் சொன்னால் அவருக்கு ஆகாது. நான் வாங்கப் போன இடத்தில் மட்டும்தான் குற்றம் சொல்வேன். வாங்கி வந்த பிறகு சொல்லி யாருக்கு என்ன பயன்?

செங்கல்பட்டுக்குப் போகும் சாலையில் இருந்தது அந்த நர்சரி. தை மாதம். மேலே கட்டியிருந்த பச்சை வலை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. நர்சரிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த பழத்தை எடுத்துக் கீறினார்.

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான் ஏரியைப் பற்றி எழுதினால் என்ன, போர் போட்ட கதையை எழுதினால் என்ன, கடைசியில், "அது கெடக்கட்டும்மா, எந்த ரகம் வெக்கலாம்?" என்பார்கள். சொல்கிறேன். ஆனால் ரகத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தால் மற்றதையும் சொல்லாமல் விட எனக்கு வராது. இத்தனை வாரம் தள்ளிப்போட்டதும் அதனால்தான்.

நாவலா, இலந்தையா

எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குப் பக்கம். ஏரிக்குக் கீழே இருக்கிற நிலத்தில் நெல். ஏரித் தண்ணீர் ஏறாத மேட்டில் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒரு வருஷம் வேர்க்கடலை, ஒரு வருஷம் எள், மழை ஏமாற்றினால் வெறும் கோரை. போர் போட்டு சொட்டுநீர்க் குழாய் இழுத்த பிறகு, அதில் பழம் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது.

வெளியூர்க்காரர்கள் வந்தால் உத்திரமேரூர்க் கோயில் சுவரைக் காட்டி, ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் என்று பெருமை பேசுவோம். நாங்கள் இரண்டு பேர் ஒரு கன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வருஷம் சண்டை போட்டோம்.

ஏனாத்தூரில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் படம் காட்டி, "சித்தி, ஸ்ட்ராபெரி வைங்க" என்றது. சித்திரை வெயிலில் எங்கள் மேட்டில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நில்லு தாயே, அப்புறம் ஸ்ட்ராபெரியைப் பற்றிப் பேசுவோம் என்றேன்.

மல்பெரியை யோசித்தோம். வீட்டுக் கொல்லையில் ஒன்று வைத்தால் நல்லதுதான், வாய் நீலமாகும்வரை தின்னலாம். சந்தைக்கு ஆகாது. காலையில் பறித்த பழம் பஸ் ஏறி உத்திரமேரூர் போய்ச் சேர்வதற்குள் கூடைக்கு அடியில் கூழாகிவிடும். களாக்காயை வேலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஆடு மாடு நுழையாது, ஊறுகாய் போடுகிறவர்கள் தேடி வந்து காயைக் கேட்பார்கள். இன்றும் எங்கள் வேலி களாதான்.

அவருக்கு நாவல் மீது ஆசை. சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாரும் நாவல் தேடுகிற காலம், விலைக்குக் குறைவிருக்காது என்றார். அது உண்மைதான்.

"ஒட்டு நாவல் வெச்சா நாலஞ்சு வருசத்துல காய் காட்டும். அப்பால நூறு வருசத்துக்கு நிக்கும்" என்றார்.

"யாருக்கு நிக்கும்?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கு முன்னால் எனக்கு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. முதலாவது ஐந்தாம் மாசம். இரண்டாவது, வயிற்றுக்குள் உதைத்து விளையாடின பிறகு. அதற்குப் பிறகு பல வருஷம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்கு நடப்பதையும் விட்டுவிட்டோம், கோயிலுக்கு நடப்பதையும் விட்டுவிட்டோம். நாவல் என்பது பிள்ளை இருக்கிறவர்கள் வைக்கிற மரம் என்று எனக்குத் தோன்றியது. வைத்த வருஷமே காய் காட்டுகிற ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

அப்படித்தான் இலந்தை வந்தது.

மூன்று பழங்கள்

நர்சரிக்காரர் கீறிக் கொடுத்தது மூன்று ரகம். முதலில் தின்ற பச்சை, ஆப்பிள் இலந்தை என்று இப்போது தள்ளுவண்டியில் விற்கிறார்களே, அது. இரண்டாவது, ஒரு கன்னம் மட்டும் சிவந்தது. பச்சையைவிடச் சின்னது, இனிப்பு கூட. மூன்றாவது நீளவாக்கில், பொன் நிறத்தில் இருந்தது. தேன் என்றால் தேன்.

"இது, இது" என்றேன் மூன்றாவதைக் காட்டி.

"உனக்கு மட்டுமா இனிக்குது? ஈக்கும் அதான் மொதல்ல இனிக்கும்" என்றார் நர்சரிக்காரர். "பத்துப் பளம் அறுத்தா பாதியில புழு நெளியும். மருந்தடிச்சே பேஜாராயிடுவ. முள்ளும் ஜாஸ்தி."

நான் முந்தானை முடிச்சிலிருந்து எங்கள் ஏரிக்கரை இலந்தை நான்கைந்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சுண்டுவிரல் நுனியளவு, கொட்டைதான் பெரிது, ஆனால் புளிப்பும் இனிப்புமாக நாக்கைச் சுண்டும். மிளகாயும் உப்பும் வைத்து இடித்து வடை தட்டிக் காய வைத்தால் அந்த வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்க்கும். "இதுல இருக்கற ருசி அதுல எங்க?" என்றேன்.

அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையைத் துப்பினார். "ருசி இதுதாம்மா. யாரு இல்லன்னா? ஆனா இதப் பறிக்கற கூலி பளத்துல வராது. இதோட வேர எடுத்துக்கினு, மேல அத ஒட்டுக் கட்டறோம். அதான் நான் விக்கற கன்னு. கீழ நாட்டு எலந்த, மேல சீமைப் பளம். ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா அன்னிக்கே கிள்ளிடணும், இல்லன்னா உன் ஏரிக்கர எலந்ததான் மேல வந்து நிக்கும்."

நிறைய காய்ப்பது பச்சை. பறித்து நாலைந்து நாள் வாடாமல் நிற்பதும் பச்சை. பச்சையை வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு வரிசை சிவப்பு வைப்பது என்று முடிவானது. இரண்டு ரகம் கலந்து நின்றால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும் என்றார் நர்சரிக்காரர். கேட்கிறவர்களுக்கு நான் இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்.

"இந்த ரகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தாம்பா, ஏழுமல. பளம் முடிஞ்சதும் பங்குனி, சித்திரையில மரத்த மொட்ட அடிக்கணும். இடுப்பு உசரத்துக்கு அடிமரத்த விட்டுட்டு எல்லாத்தையும் எடுத்துடு. பழய கொம்புல காய்க்காது. புதுசா வர கொம்புலதான் பூ எடுக்கும். பாவம் புண்ணியம் பாத்தா காடுதான் வளரும்."

"அவ்ளோதான?" என்றார் என் வீட்டுக்காரர்.

முதல் மொட்டை

ஆடியில் முதல் மழைக்கு நட்டோம். அடுத்த தையில் கைக்குச் சில பழங்கள் வந்தன. பங்குனியில் முதல் மொட்டை.

எங்களிடம் வேலைக்கு வருகிறவர் சவரி. சர்ச் தெருவில் வீடு. மண்வெட்டி பிடிக்கிற வேலையில் என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் இத்தனை வருஷத்தில் பேச்சே தேவைப்பட்டதில்லை. இருவரும் ஆளுக்கொரு ரம்பமும் கவாத்துக் கத்திரியுமாக இறங்கினார்கள். சாயந்திரம் போய்ப் பார்த்தால் தோட்டம் இல்லை. வரிசை வரிசையாகக் கட்டைகள்.

என் மாமியார் வரப்பில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள். "காய்க்கிற மரத்துல கத்தி வெக்கறானே, இவன் உருப்படுவானா?"

"அத்த, இது அப்பிடித்தான் வளரும்" என்றேன். வெட்டுவாய் அழுகிவிடாமல் எல்லாவற்றிலும் நீலப் பசையைப் பூசிக்கொண்டே போனேன்.

ஆனால் சித்திரை முடிவதற்குள் கட்டையைச் சுற்றிலும் துளிர் வெடித்தது. அந்தத் தையில் காய்த்த காய்ப்பைச் சொன்னால் கண் படும். கிளை தாங்காமல் மூங்கில் முட்டுக் கொடுத்தோம். அவர் தினமும் கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு உத்திரமேரூர் போவார். மீதியைக் காஞ்சிபுரத்துக்கு ஏற்றிவிடுவார். தோட்டத்தில் அவர் பாட்டுப் பாடிக் கேட்டது அந்த வருஷம்தான். குரல் ஒன்றும் சொல்லிக்கொள்கிறாற்போல இருக்காது. கிளிகள்கூடப் பறந்துவிடும்.

பழம் முடிகிற சமயம், மாசி மாசம், எனக்குத் தலை சுற்றியது.

பாம்பும் பாடையும்

நான் முதலில் நம்பவில்லை. இந்த வயதில் தீட்டு நிற்கிறதுதான் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொன்ன பிறகு, அவர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதலில் என் தலையைத் தடவினாள். அடுத்து மகனைப் பார்த்தாள். "டேய், இனிமே எந்த மரத்துலயும் கத்தி வெக்காத. சொல்ட்டேன்."

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் மரம் வெட்டக்கூடாது, பாம்பு அடிக்கக்கூடாது, பாடைக்குத் தோள் கொடுக்கக்கூடாது. படித்தவர்கள்கூட வாயால் சிரித்துவிட்டு, காரியத்தில் கேட்டுக்கொள்வார்கள்.

பங்குனி வந்தது. ரம்பம் கொட்டகையில் தொங்கியது. பங்குனி முடிந்தது.

"ஏங்க, இன்னும் நாள் கடத்துனா துளிர் எப்ப வர்றது, பூ எப்ப எடுக்கறது? நர்சரிக்காரரு அன்னிக்கே சொன்னாரு இல்ல?" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா வெட்ட வேண்டியதுதான? மொதல் ரெண்டு தபாவும் எந்த மரத்த வெட்டுனோம்? நம்மகிட்ட மரமே இல்ல. அப்பிடியும்தான போச்சு?"

சமையலறையிலிருந்து மாமியார்தான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, குழம்புக்கு உப்பு போட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "மொதல் தபா வைக்கப் போர்ல பாம்பு அடிச்சான். ரெண்டாவது தபா அவங்க மாமன் செத்ததுக்குப் பாட தூக்குனான். வாணாம்டா, வாணாம்டான்னேன். கேட்டானா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் அந்த ஆளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன். அவர் மனசுக்குள் ஒரு பாம்பையும் ஒரு பாடையையும் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளையும் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக அந்த மனுஷன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். எழுந்து போய்க் கொட்டகையில் இருந்த கத்திரியை எடுத்தேன். "நீங்க வெக்காதீங்க கத்தி. நான் வெக்கறேன். எனக்கு யாரும் கட்டுப்பாடு சொல்லல."

அவர் ஓடி வந்து கத்திரியைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். "மல்லிகா, ரெண்டு தபா பாத்துட்டேன். இந்தத் தபா என் பக்கத்துலருந்து ஒரு தப்பும் வர வாணாம். தோட்டம் போனாப் போவட்டும். உன் காலப் புடிக்கறேன்."

கத்திரியை விட்டுவிட்டேன்.

சவரி சொன்னது

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. சவரியைக் கூப்பிட்டனுப்பினேன். வேலிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது.

"உங்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்ல இல்ல, சவரி? நீங்க வந்து வெட்டிக் குடுங்க" என்றேன்.

களாச் செடியின் இலையைக் கிள்ளினார்.

"அண்ணி, எங்க வூட்லயும் இதெல்லாம் பாப்பாங்க. சர்ச்சுக்குப் போனா பாக்க மாட்டாங்களா இன்னா? அதுகூடப் பரவால்ல. நாளைக்கு உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. வரக் கூடாது, ஆண்டவரு பாத்துப்பாரு. வந்துச்சுன்னா ஊர்ல இன்னா சொல்லுவாங்க? சவரி வெட்னான், அதான் போச்சும்பாங்க. நான் பொண்டாட்டி புள்ளைங்களோட இந்த ஊர்லதான் குடியிருக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. பழி போட ஆள் தேவைப்பட்டால் எங்கள் ஊர் எந்தத் தெருவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? போங்க சவரி, நான் கேட்டதே தப்பு என்றேன். "தப்பு இல்லண்ணி" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்.

காடு

வெட்டாத இலந்தையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய கொம்புகள் நீண்டு தரையைத் தொட்டன. ஒரு வரிசை அடுத்த வரிசையோடு பின்னிக்கொண்டது. உள்ளே நுழைந்தால் முள் முதுகைக் கீறும். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்கக்கூடப் போக முடியவில்லை. ஒட்டுக்குக் கீழே வந்த நாட்டுத் துளிரை யாரும் கிள்ளவில்லை, அதுவும் தன் பாட்டுக்கு மேலே ஏறியது.

அவர் சாயந்திரம் சாயந்திரம் வேலிவரை போவார். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன்.

வைகாசியில் அவருடைய பெரியப்பா இறந்துபோனார். அப்பா இல்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவர். பாடை எடுக்கும்போது இவர் தெருக்கோடியில் தனியாக நின்றார். "வளத்தவருக்குத் தோள் குடுக்காதவன் ஒரு ஆம்பளையா?" என்று பங்காளிகள் இவர் காதுபடவே பேசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றார். ஆனியில் மோட்டார் ரூமுக்குள் ஒரு பாம்பு புகுந்துகொண்டது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, அது போகிறவரை வெயிலில் உட்கார்ந்திருந்தார். நாஷ்டாகூட அன்று மத்தியானம்தான்.

குழந்தை நன்றாக உதைத்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கையை எடுத்து வைத்துக் காட்டுவேன். வைத்த கையை எடுக்கவே பயப்படுவார்.

"பாத்தியா, சொன்னத கேட்டா எப்பிடி நிக்குது பாரு" என்பாள் மாமியார். எனக்கும் அப்போது அப்படித்தான் இருக்குமோ என்று பட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று மாசம் நானும் நம்பினேன். வெட்டாதது நல்லதுதான் என்று அந்த முள்காட்டைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆடி

ஆடி பிறந்து சில நாட்களில் கால் வீங்கியது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு எனக்குச் சரியாக நினைவில்லை. விழித்தபோது வயிறு காலியாக இருந்தது.

பெண் குழந்தை. அழவில்லை என்றார்கள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. என் வீட்டுக்காரர் வெளியே மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ரத்தக் கொதிப்பு எல்லை மீறிவிட்டது என்றார். முன்னால் இரண்டு முறை எப்படி ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம், உங்கள் உடம்புவாகு அப்படி, இனி மாத்திரையை விடக்கூடாது என்றார்.

இதை வீட்டில் சொல்லவேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். எனக்கு என் மாமியாரைத் தெரியும். ஊரையும் தெரியும். இத்தனை நாள் பாம்பு, பாடை என்று அலைந்த பேச்சு, இனி என் ஒருத்தி மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு அப்போது இல்லை.

யாருடைய பாடைக்கும் தோள் கொடுக்காமல் இருந்தவர், மகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். புது டவலில் சுற்றியிருந்தார்கள். நான் ஜன்னல் வழியாக முதுகை மட்டும் பார்த்தேன்.

ரம்பத்தின் சத்தம்

வீட்டுக்கு வந்து ஆடி முடிகிறவரை படுத்தேதான் கிடந்தேன். மாமியார் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இந்த முறை காரணம் சொல்ல அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் ஒரு மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் மேட்டுப் பக்கமிருந்து ரம்பம் இழுக்கிற சத்தம் கேட்டது. முதலில் யாரோ வேலிக்கு முள் வெட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவே இல்லை. எழுந்தேன். வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வரப்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அவர் வெட்டிக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்து முதுகெல்லாம் ரத்தக் கோடு. அடுத்த வரிசையில் சவரி வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லையாம், சத்தம் கேட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் சவரி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவரைப் போல மோட்டார் ரூம் பக்கம் நடந்தார்.

கிளைகளில் பூ எடுத்திருந்தது. பழைய கொம்பானாலும் அங்கங்கே கொஞ்சம் மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்த மாசத்தில் வெட்டினால் அந்த வருஷத்துக்கு இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"மாசம் தப்புங்க. பூ கீது பாருங்க" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. வெட்டிய கிளையைக் காலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடித்தார்.

"இப்ப வெட்லாம் இல்ல? இப்ப வெட்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க இல்ல?" என்றார். என்னைக் கேட்ட மாதிரியும் இல்லை. ரம்பம் கிளையில் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அதன் பிடியைப் பிடித்தபடியே திரும்பினார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மல்லிகா, இந்தத் தபா நான் ஒண்ணுமே பண்ணலியே."

சாகிறவரை சொல்வதில்லை என்று நினைத்திருந்ததை, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்பவும் நீங்க ஒண்ணும் பண்ணலங்க. பாம்பும் இல்ல, பாடயும் இல்ல. டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னாங்க. என் ஒடம்புதான். ரத்தக் கொதிப்பு. மூணு தபாவும் அதாத்தான் இருக்கும்னாங்க. உங்க கையில ஒண்ணுமே இல்ல. எல்லாம் என் ஒடம்பு."

சொல்லிவிட்டு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நின்றேன். கோபித்துக்கொண்டால்கூட வாங்கிக்கொள்ளலாம், பேசாமல் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று இருந்தது.

அவர் மாட்டிக்கொண்ட ரம்பத்தை அப்படியே விட்டுவிட்டு முள்ளை விலக்கிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்ததும், வெட்டிப் போட்ட கிளைகளுக்கு நடுவில் துண்டை விரித்து, என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார். என் வீங்கிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒடம்பு இன்னா பண்ணும், பாவம்" என்றார்.